பங்கும் பணமும்: புத்தளக் கரையோரத்துக் கத்தோலிக்க மரபில் பொருளின் இடம்

கிறிஸ்தவ தர்மம் திரவியத்தை வெறுப்பது என்ற அபிப்பிராயம் கற்றோரிடையேயும் வேரூன்றியிருக்கிறது. கடவுளுக்கும் செல்வத்துக்கும் ஒருங்கே ஊழியம் செய்தல் இயலாது என்று மத்தேயு சுவிசேஷத்தின் 6ஆம் அதிகாரத்தில் இயேசுநாதர் போதித்ததை அதற்குப் பிரமாணமாகக் காட்டுவோர், தீமோத்தேயுவுக்கு வரையப்பட்ட முதல் நிருபத்தில் அர்ச். சின்னப்பர் தீமையின் வேரெனச் சுட்டியது பொருளாசையையே என்பதைப் போதிய அளவு கருதுவதில்லை. பொருளின் உரிய இடம் யாது என்னும் வினாவுக்கு, இலங்கையின் வடமேற்கே கற்பிட்டி முதல் சிலாபம் வரை நீளும் கரையோரத்துக் கத்தோலிக்க மீனவரின் வழக்கிலே, அதிலும் அங்குள்ள தமிழர் நாவில் வழங்கும் ஒரு சொல்லிலே, தெளிவான விடை கிடக்கிறது என்பது இக்கட்டுரையின் துணிபு.

அச்சொல் ‘பங்கு’. கரைவலை கரையேறி மீன் விலைப்பட்டுச் செலவும் கழிந்தபின், வள்ளத்தின் பேராலும் வலையின் பேராலும் சம்மாட்டிக்கு ஒரு பகுதியும், உழைப்பின் பேரால் இழுத்தவர்க்கு ஒரு பகுதியுமாகப் பிரிப்பது பங்கு. விகிதம் ஊருக்கு ஊர் வேறுபடினும், வலை நிறைந்தால் எல்லோர்க்கும் நிறைவு, வெறுமையானால் எல்லோர்க்கும் வெறுமை என்னும் நியாயம் வேறுபடுவதில்லை. ஒரு குருவானவரின் பராமரிப்பில் ஓர் ஆலயத்தைச் சேர்ந்த மக்கட்கூட்டத்துக்கும் தமிழ்க் கத்தோலிக்கர் இட்ட பெயர் பங்கே. 1939இல் தனி மேற்றிராசனமாக அமைந்த சிலாபமும் இத்தகைய பங்குகளால் ஆனது. இரு பொருளும் ஒரு சொல்லிற் சந்திப்பது தற்செயலாயிருக்கலாம்; ஆயினும் அச்சந்திப்பு உணர்த்தும் சித்தாந்தம் சுவிசேஷத்திலேயே உள்ளது.

கலிலேயக் கடலில் இராயப்பருக்குத் தொழிற்கூட்டாளிகள் இருந்தனர் என்று லூக்காஸும், செபெதேயுவின் படகில் கூலியாட்கள் இருந்தனர் என்று மாற்குவும் குறிக்கின்றனர். வலை கிழியுமளவு மீன் பட்டபோது மற்றப் படகைக் கைகாட்டி அழைத்தமையால் இரண்டும் நிரம்பின. இன்னும் நுட்பமானது, மத்தேயு 17ஆம் அதிகாரத்துச் சம்பவம்: ஆலய வரிக்காகத் தூண்டிலிட அனுப்பப்பட்ட இராயப்பருக்கு, ஆளுக்கு 2 திராக்மா வீதம் இருவருக்குப் போதுமான நாணயம் ஒன்று மீனின் வாயிலே கிடைத்தது. அந்நாணயம் அசுத்தமென்று கடலில் வீசப்படவுமில்லை, நாளைக்கென்று முடிந்துவைக்கப்படவுமில்லை. இருவர் கடனைத் தீர்த்து அன்றே கைமாறிற்று.

இம்மனப்பான்மை கரையோரத்திலும் நிலைத்தது. அரசாங்கத்தின் மீன்வரி 19ஆம் நூற்றாண்டில் நீங்கிய பின்னரும், மேற்குக் கரைக் கத்தோலிக்கர் பலர் பிடித்த மீனில் ஒரு பகுதியை ஆலயத்துக்கு ஒதுக்கி வந்தனர். தலவில அர்ச். அன்னம்மாள் திருத்தலத்தைப் பற்றிய ஐதீகம் ஒன்று, கரையொதுங்கிய ஐரோப்பிய வணிகன் ஒருவன், தன் வியாபாரம் செழித்தால் அங்கே கோயில் எழுப்புவதாக நேர்ந்துகொண்டு, செழித்தபின் திரும்பிவந்து அதை நிறைவேற்றினான் என்கிறது. இது கடவுளோடு பேரம் பேசுவதாகாதோ என்று ஆட்சேபிப்பார் உளர். வெறும் பேரமாகச் சீரழியும் நேர்த்திக்கடனும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் இலாபம் கைக்கு வருமுன்னரே அதில் பிறர்க்கு உரிமையுண்டென்று ஒப்புக்கொள்வது, களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட எண்ணிய உவமைச் செல்வனுக்கு வராத ஞானமாகும்.

பங்கு அற்றுப்போகும் இடத்தில் நேர்வதையும் இக்கரை கண்டிருக்கிறது. முற்பணம் கொடுத்த முதலாளிக்கே, அவர் வைத்த விலைக்கே, மீனைக் கொடுக்கக் கட்டுப்பட்டவன் பங்காளியாக இருந்தும் கடனாளியாகவே கரை சேருகிறான். 1980களிலிருந்து சிலாபம், முந்தல் களப்புகளின் ஓரங்களில் பெருகிய இறால் பண்ணைகளோ, மீன் குஞ்சுகள் வளரும் பொதுச் சொத்தாகிய கண்டற் காடுகளை அழித்துச் சிலரின் தனமாக்கின; 1996இல் வெண்புள்ளி நோய் பரவியபோது முதலிட்டவரும் இழந்தனர், களப்பை நம்பி ஜீவித்தவரும் இழந்தனர். கைவிடப்பட்ட குளங்கள் பல பின்னர் தரிசாகக் கிடந்தன.

இவற்றால் பெறப்படுவது, பணம் பங்காக இயங்கும்வரை ஊழியன், பங்கை விழுங்கியபின் எஜமானன் என்பதாம். கையிற் பணம் வந்தவுடன் இதில் யார் யாருக்குப் பங்கு உண்டு என்று கேட்பதே கிறிஸ்தவன் முதற்கண் செய்யத்தக்கது. தொகையைக் குறித்த விசாரம் அதன் பின்னர் வரலாம்.