எண்ணெய் வண்ணத்தைக் கண்டவர் யார்?

ஐரோப்பிய ஓவிய வரலாற்றில் ஒரு கதை நெடுங்காலம் வழங்கி வந்தது. பிளாண்டர்ஸ் நாட்டு ஓவியர் யான் வான் ஐக் ஒரு படத்தைத் தீட்டி, மெருகெண்ணெய் பூசி, வெயிலில் உலர வைத்தாராம், பலகை பிளந்துவிட்டதாம். நிழலிலேயே உலரும் எண்ணெயைத் தேடியவர் ஆளிவிதை எண்ணெயைக் கண்டு, அதிலேயே வண்ணங்களைக் குழைக்கலானாராம். இத்தாலியரான வசாரி 1550-இல் வெளியிட்ட ஓவியர் வரலாற்று நூலில் இக்கதை உள்ளது. வான் ஐக் மறைந்ததோ 1441-இல். நூறாண்டுக்குப் பிந்திய செவிவழிச் செய்தியைப் பின்வந்தோர் வரலாறாகவே கொண்டனர்.

இதனை முதலில் அசைத்தவர் ஜெர்மானிய அறிஞர் லெஸ்ஸிங். வோல்ஃபன்பியூட்டல் நூலகத்தில் பணியாற்றிய அவர், தியோஃபிலஸ் என்ற துறவியின் பழஞ்சுவடியைக் கொண்டு 1774-இல் ஒரு நூல் வெளியிட்டார். 12-ஆம் நூற்றாண்டினது எனக் கருதப்படும் அச்சுவடியிலேயே ஆளிவிதை எண்ணெயில் வண்ணம் அரைக்கும் முறை கூறப்பட்டுள்ளது. ஒரு பூச்சு உலர்ந்த பின்னரே மறுபூச்சு இட வேண்டியிருப்பதால் உருவங்கள் தீட்டுவதற்கு இம்முறை சலிப்புத் தருவது என்று துறவியார் குறைப்படவும் செய்கிறார். ஆப்கானிஸ்தானத்துப் பாமியான் குகைச் சுவர்களிலோ, 7-ஆம் நூற்றாண்டளவிலேயே உலரும் எண்ணெய் பயன்பட்டமை 2008-இல் வெளியான ஆய்வால் தெரியவந்தது.

அங்ஙனமாயின் வான் ஐக்கின் புகழ் வெறும் புனைவோ? அன்று. துறவியார் குறையெனக் கண்ட தாமதத்தையே அவர் கருவியாக்கிக்கொண்டார். ஓக் மரப்பலகையில் சீமைச்சுண்ணாம்பையும் வச்சிரத்தையும் கலந்து பூசி, வெண்தளம் அமைப்பது அந்நாட்டு வழக்கம். அதன்மேல் கோட்டுருவம், அதன்மேல் உடல் தடித்த வண்ணம், அது உலர்ந்தபின் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் மெல்லிய பூச்சுகள். உள்ளே புகுந்த ஒளி வெண்தளத்தில் பட்டுத் திரும்பி வண்ணங்களின் வழியே வெளிவருகிறது. தட்டில் இரண்டு வண்ணங்களைக் குழைத்தால் பெரும்பாலும் பொலிவு மங்கும். ஒன்றன்மேல் ஒன்றாக இட்டால் ஆழமும் ஒளியும் கூடும். இவ்வேறுபாட்டைத் துருவி ஆராய்ந்ததே அவருடைய உண்மையான பணி.

சான்றாக, 1434-இல் தீட்டப்பட்டு இன்று லண்டன் நாஷனல் காலரியில் உள்ள அர்னோல்ஃபினி தம்பதியர் ஓவியத்தைக் கூறலாம். அதில் மங்கையின் பச்சை அங்கி செம்புக் களிம்பால் ஆனது. அடியில் களிம்போடு வெள்ளையும் மஞ்சளும் கலந்து மடிப்புகளுக்கு உருக்கொடுத்து, மேலே தூய பச்சையை மெல்லியதாக ஓட்டியுள்ளார். நிழல் விழும் மடிப்புகளில் பச்சை அடர்ந்து நிற்கிறது.

அகச்சிவப்புக் கதிரால் இப்படத்தை ஆராய்ந்தபோது, தீட்டத் தொடங்கிய பின்னரும் அவர் திட்டத்தை மாற்றிக்கொண்டே சென்றது புலனாயிற்று. ஆடவனின் கையும் பாதமும் இடம் மாறியுள்ளன. காலடியில் நிற்கும் நாய்க்குட்டிக்கும், கழற்றி வைத்த காலணிகளுக்கும் கீழே கோட்டுருவமே இல்லை. உலர்ந்த வண்ணத்தின்மேல் பிற்பாடு சேர்க்கப்பட்டவை அவை.