டாக்கா மஸ்லின்

டாக்கா மஸ்லின் என்பது இன்றைய வங்கதேசத்தின் டாக்கா வட்டாரத்தில் கையால் நூற்று நெய்யப்பட்ட மிக மெல்லிய பருத்தித் துணி. முகலாய அரண்மனையிலும் ஐரோப்பியச் சந்தையிலும் பெயர் பெற்ற இத்தொழில், கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில், 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் நொடித்துப்போனது.

உற்பத்தி

மேக்னா, சீதலக்யா ஆற்றங்கரைகளில் விளைந்த ‘புட்டி கார்பாஸ்’ என்னும் பருத்தியே மூலப்பொருள். பஞ்சை வாளைமீனின் தாடையெலும்பால் சீவித் தூசு நீக்கினர். காற்றில் ஈரம் குறைந்தால் இழை அறுந்துவிடும்; எனவே பெண்கள் விடியற்காலையிலும் மாலையிலுமே நூற்றனர். நூலுக்குப் பொரியில் காய்ச்சிய கஞ்சி இடப்பட்டது. மல்மல் காஸ், ஆப்-இ-ரவான், சப்னம், பூவேலை கொண்ட ஜாம்தானி ஆகியவை பெயர் பெற்ற வகைகள்.

வீழ்ச்சி

1757ஆம் ஆண்டுப் பிளாசிப் போருக்கு முன் டச்சு, பிரெஞ்சு, ஆர்மீனிய வணிகர்களும் போட்டியிட்டுத் துணி வாங்கினர். போருக்குப் பின் கம்பெனியின் கை ஓங்கியது. அதன் குமாஸ்தாக்கள் நெசவாளரிடம் முன்பணத்தைத் திணித்து, பிறருக்கு நெய்யவிடாமல் தடுத்து, குறைந்த விலைக்குத் துணியை எடுத்துக்கொண்டனர். முகலாய அரசவையின் ஆதரவும் தேய்ந்தது.

சாமுவேல் கிராம்ப்டன் 1779இல் உருவாக்கிய நூற்பு இயந்திரத்தால் பிரிட்டனிலேயே மெல்லிய நூல் மலிவாகக் கிடைத்தது. இந்தியத் துணிகள் மீது பிரிட்டன் கடும் இறக்குமதித் தீர்வை விதித்தது. 1813 அளவில் அது 70 முதல் 80 விழுக்காடு வரை இருந்ததாக வரலாற்றாசிரியர் எச். எச். வில்சன் எழுதினார். கம்பெனி 1817இல் தன் டாக்கா வணிகக் கிடங்கை மூடியது. 1820களில் ஆங்கில ஆலைநூல் டாக்காவுக்கே வந்து குவிந்தது. நெசவாளர் சிலர் அந்நூலைத் தறியில் ஏற்றிப் பிழைத்தனர். நூற்றுவந்த பெண்களுக்கோ அந்த வழியும் இல்லை. நகரின் மக்கள்தொகை 1,50,000இலிருந்து 30,000 அல்லது 40,000ஆகச் சுருங்கியதாகச் சார்லஸ் டிரெவெலியன் 1840இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவிடம் கூறினார்.

கட்டைவிரல் கதை

ஆங்கிலேயர் மஸ்லின் நெசவாளரின் கட்டைவிரல்களை வெட்டினர் என்ற கதை பரவலானது. வில்லியம் போல்ட்ஸ் 1772இல் வெளியிட்ட நூலில் வேறு செய்தி உள்ளது: கட்டாய வேலைக்கு அஞ்சிப் பட்டுநூல் சுற்றுவோர் தம் கட்டைவிரலைத் தாமே வெட்டிக்கொண்டனர் என்கிறார் அவர்.

பிற்காலம்

கேட்பு குறைந்ததும் புட்டி கார்பாஸ் பயிரிடுவதும் நின்றது. ஜாம்தானி நெசவு மட்டும் தொடர்ந்தது. 2013இல் அது யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. பழைய பருத்தியையும் மஸ்லினையும் மீட்க வங்கதேச அரசு முயன்றுவருகிறது. டாக்கா மஸ்லின் 2020இல் புவிசார் குறியீடு பெற்றது.