வால்டர் ராட்னி: நமக்கும் சேர்த்து எழுதிய வாத்தியார்

வடக்கே குடியேறிய நமக்கு 'மதராசி' என்ற பட்டம் பழகிப் போன ஒன்று. கடல் கடந்து தென் அமெரிக்காவின் வடகோடியில் இருக்கும் கயானாவிலும் ஒரு 'மதராசி' கூட்டம் உண்டு. கரும்புத் தோட்டக் கூலிகளாக சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்களின் வம்சம். தமிழ் மறந்து விட்டாலும் காளி வழிபாட்டை இன்னும் விடவில்லை. அந்த ஜனங்களின் கதையையும் சேர்த்து எழுதிய ஒரு கறுப்பின வாத்தியாரைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

வால்டர் ராட்னி 1942-ல் ஜார்ஜ்டவுனில் பிறந்தார். அப்பா தையல்காரர், அம்மாவும் தையல் வேலைதான். படிப்பு ஒன்றே சொத்து. உதவித்தொகையில் ஜமைக்கா போய் 1963-ல் முதல் வகுப்பில் தேறினார். பிறகு லண்டன். 24 வயதில் ஆப்பிரிக்க அடிமை வணிகம் பற்றிய ஆய்வுக்கு டாக்டர் பட்டம்.

1968-ல் ஜமைக்கா பல்கலைக்கழகத்துக்கே ஆசிரியராகத் திரும்பினார். வகுப்பறையோடு நிற்கவில்லை. கிங்ஸ்டன் சேரிகளுக்குப் போய், படிக்காத இளைஞர்களோடு தரையில் உட்கார்ந்து ஆப்பிரிக்க வரலாறு சொன்னார். அரசாங்கத்துக்குப் பொறுக்குமா? அதே அக்டோபரில் வெளிநாட்டு மாநாடு முடிந்து வந்தவரை விமானத்தை விட்டு இறங்கவே விடவில்லை. மாணவர்களும் ஏழை மக்களும் தெருவில் இறங்கினார்கள், கலவரமே வெடித்தது. அவர் தான்சானியா போய் தாருஸ்ஸலாமில் பாடம் நடத்தினார். ஆப்பிரிக்காவை ஐரோப்பா எப்படிப் பின்தங்க வைத்தது என்று விளக்கிய அவருடைய புகழ்பெற்ற புத்தகம் 1972-ல் வந்தது.

1974-ல் ஊர் திரும்பினார். கயானா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வேலை தயாராக இருந்தது. அரசு தலையிட்டு அதை ரத்து செய்தது. வேறு யாராக இருந்தாலும் அடுத்த விமானம் பிடித்திருப்பார்கள். இவர் அங்கேயே இருந்து, பாக்சைட் சுரங்கத் தொழிலாளிகளுக்கும் கரும்புத் தோட்டத்து ஆட்களுக்கும் வரலாறு சொல்லிக் கொடுத்தார்.

அதற்குக் காரணம் இருந்தது. கயானா அரசியலே கறுப்பர் ஒரு பக்கம், இந்தியர் ஒரு பக்கம் என்று பிளந்து கிடந்தது. "கூலி குறையக் காரணம் இந்தியர்கள்தான்" என்பது பழைய புகார். ராட்னி ஆவணங்களை வைத்துப் பேசினார். கயானாவின் கடற்கரை நிலம் கடல் மட்டத்துக்கும் கீழே. அங்கே அணையும் வாய்க்காலும் அமைக்க, அடிமைகள் மண்வெட்டியால் அள்ளிய ஈரக் களிமண் மட்டும் 10 கோடி டன்! விடுதலையான அவர்கள் நியாயமான கூலி கேட்டதும், தோட்ட முதலாளிகள் இந்தியாவிலிருந்து ஆள் இறக்கினார்கள். அந்தச் செலவில் ஒரு பங்கு பொது வரிப்பணத்திலிருந்து, அதாவது கறுப்பர் கட்டிய வரியிலிருந்தும் போனது. வந்த இந்தியரோ ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் மாட்டி, வேலைக்கு வராவிட்டால் ஜெயில் என்று அல்லாடினார்கள். 1838-லிருந்து 1917 வரை இப்படி வந்தவர்கள் சுமார் 2,39,000 பேர். இரண்டு கூட்டத்தையும் வதைத்தது ஒரே தோட்டம்தான் என்றார் ராட்னி.

குழந்தைகளுக்காகவும் எழுதினார். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கோஃபி பற்றி ஒரு புத்தகம், இந்தியாவிலிருந்து வந்த லட்சுமி பற்றி இன்னொன்று. லட்சுமி புத்தகம் அச்சில் வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

1980 ஜூன் 13. வாக்கி-டாக்கி என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட கருவிக்குள் குண்டு. காரிலேயே உயிர் போனது. வயது 38. கருவியைக் கொடுத்தவர் ராணுவத்தில் இருந்தவர். அன்றைய பிரதமர் பர்ன்ஹாமுக்கும் சதியில் பங்கு உண்டு என்று விசாரணைக் கமிஷன் சொல்ல 2016 வரை ஆனது. கயானா தொழிலாளர் பற்றிய அவருடைய பெரிய நூல் 1981-ல்தான் வெளிவந்தது.

ராட்னியின் இறப்புச் சான்றிதழில் தொழில் என்ற இடத்தில் என்ன எழுதியிருந்தார்கள் தெரியுமா? 'வேலையில்லாதவர்'. அதைப் பேராசிரியர் என்று திருத்தப் போவதாக 2021-ல்தான் கயானா அரசு அறிவித்தது. பள்ளிப் பாடத்தில் இவர் பெயர் வரப் போவதில்லை. நாம்தான் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.