வெர்னேயின் புயல்களும் அவற்றை வாங்கியோரும்

பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பியச் செல்வர் மாளிகைகளில் கடற்புயல் ஓவியம் பல வேளைகளில் தனித்து இடம்பெறவில்லை. கொந்தளிக்கும் கடல் ஒன்றிலும் அமைதியான கடற்கரை மற்றொன்றிலுமாக, ஒரே அளவில் வரைந்து அருகருகே மாட்டப்படும் இணை ஓவியங்களுள் ஒரு பாதியாகவே அது அமைந்தது. இத்துறையில் பெரும்புகழ் ஈட்டிய குளோத் ஜோசப் வெர்னே 1714-இல் அவிஞ்ஞோன் நகரில் பிறந்து, 1734-இல் ரோமுக்குச் சென்று, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இத்தாலியில் தங்கித் தொழில் நடத்தினார். பழங்கலைகளைக் காண அங்கு வந்த ஆங்கிலேயப் பிரபுக்கள் கேட்ட பொருளையும் ஓவியத்தின் அளவையும் தம் கணக்கேடுகளில் குறித்துவைத்தார்.

புயலில் அவர் தம்மைப் பாய்மரத்தில் கட்டச்செய்து அலைகளை ஆராய்ந்தார் என்னும் கதையை அவருடைய பேரன் ஒராஸ் வெர்னே 1822-இல் ஓவியமாகவே தீட்டினார். ஆயினும் பாறையில் மோதிய கப்பல், வடத்தைப் பற்றிக் கரையேறுவோர், வானைப் பிளக்கும் மின்னல் ஆகியவை அவருடைய ஓவியங்களில் திரும்பத் திரும்ப வருவதை நோக்கினால், நேரில் கண்டதைப் போலவே வாங்குவோரின் விருப்பமும் அவற்றை உருவாக்கியது புலனாகும். தீங்கு எட்டாத தொலைவிலிருந்து காணும் பேராபத்து மனத்தை அச்சமும் வியப்பும் கலந்த இன்பத்தில் ஆழ்த்தும் என்று 1757-இல் எட்மண்ட் பர்க் விளக்கிய ‘உன்னதம்’ என்னும் கருத்து அவ்விருப்பத்துக்குத் தத்துவ வடிவம் தந்தது.

இன்று லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ள 1773-ஆம் ஆண்டின் கப்பற்சேத ஓவியமும் அதன் இணையான அந்திக் காட்சியும் போலந்து அரசர் ஸ்தனிஸ்லாவ் அகஸ்துக்காகத் தொடங்கப்பட்டு, இறுதியில் ராபர்ட் கிளைவின் கைக்குச் சென்றன. கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராக 1743-இல் புறப்பட்டபோது பிரேசில் கரையில் கப்பல் தரைதட்டியதால் பல மாதங்கள் தாமதித்து, 1744-இல் சென்னை வந்துசேர்ந்த கிளைவ், ஆர்க்காட்டு முற்றுகையாலும் பிளாசிப் போராலும் பெயரும் பெருஞ்செல்வமும் பெற்றவர். அச்செல்வம் 1773-இல் பிரித்தானிய நாடாளுமன்றத்தின் விவாதத்துக்கு உள்ளாயிற்று. ஆகவே இவ்வகைப் புயல் ஓவியங்களின் வரலாற்றைத் தூரிகைத் திறனைக் கொண்டு மட்டும் எழுத இயலாது. கடல்வழி வந்த பணத்துக்கும் அதில் இடமுண்டு.