கைத்தடியும் சவுக்கும்: லெனாட் வூல்ஃபின் கடிதங்கள்

லெனாட் வூல்ஃப் எண்டால் எங்களில் பலருக்கு இரண்டு விசயம்தான் ஞாபகம் வரும். வேர்ஜீனியா வூல்ஃபின் கணவர், அம்பாந்தோட்டைப் பக்கத்துக் காட்டுக் கிராமம் ஒன்றை வைத்து 1913இல் நாவல் எழுதிய வெள்ளைக்காரர். அந்த நாவலுக்கு முதல், 1905 ஜனவரி தொடங்கி 1907 ஓகஸ்ட் வரை அவர் யாழ்ப்பாணக் கச்சேரியில் வேலை பார்த்தவர். கேம்பிறிட்ஜில் படிப்பை முடித்து, ஒரு நாயோடும் வால்டேரின் நூல் தொகுதிகளோடும் கப்பலில் வந்து இறங்கியபோது அவருக்கு 24 வயது. கிட்டத்தட்ட எங்கட வயசு.

இலங்கையைப் பற்றி அவர் எழுதியவற்றில், நாவலை விட்டால், மூன்று வகை முக்கியமானவை. ஒன்று, 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்து எழுதிய உத்தியோக நாட்குறிப்பு. உப்பு, வழக்கு, மாட்டு நோய் எல்லாம் அதில் இருக்கு. ஆனால் மேலிடம் வாசிக்கும் எண்டு தெரிந்து எழுதியது. இரண்டாவது, 1961இல், எண்பது வயதில் வெளியிட்ட ‘குரோயிங்’ என்ற சுயசரிதைப் பாகம். மூன்றாவது, இங்கிருந்து கேம்பிறிட்ஜ் நண்பர் லிற்றன் ஸ்ட்ரேச்சிக்கு எழுதிய தனிப்பட்ட கடிதங்கள்.

கடிதங்களில் இருக்கும் வூல்ஃப் வேற ஆள். தனிமை, சலிப்பு, சக வெள்ளையர் மேல் கிண்டல், ஊர்ச்சனம் மேல் இளக்காரம், எல்லாம் மறைவில்லாமல் வருகுது. 1906இல் மறிச்சுக்கட்டி முத்துக்குளிப்புக்கு அவரை அனுப்பினார்கள். பாரசீக வளைகுடாவில் இருந்து வந்த அரபுச் சுழியோடிகளும் எங்கட கரையோரச் சுழியோடிகளும் கூடும் இடம் அது. அங்கே கைத்தடியால் நல்லா அடித்தால் அரபுக்காரர் எதையும் செய்வார்கள் என்றும், தன் வேலையே பெரும்பாலும் அதுதான் என்றும் நண்பருக்குப் பகிடியாக எழுதுகிறார். எந்த மேலதிகாரிக்கும் இந்தத் தொனியில் எழுதியிருக்க மாட்டார்.

இதோடு இன்னொரு சம்பவத்தையும் சேர்த்துப் பாருங்கோ. யாழ்ப்பாணத்தில் குதிரையில் போகும்போது தன் முகத்தில் சவுக்கால் அடித்தார் எண்டு ஒரு தமிழ் வழக்கறிஞர் குற்றம் சாட்டினார். யாழ்ப்பாணத் தமிழர் சங்கம் முறைப்பாடு செய்தது. வூல்ஃப் மறுத்தார். அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்றே சுயசரிதையிலும் சொல்கிறார். ஆனால் அங்கேயே, அவர்களின் ஊர்த்தெருவில் தான் குதிரைமேல் திமிராக இருந்ததே முகத்தில் அறைந்த மாதிரித்தான் என்றும் ஒப்புக்கொள்கிறார். பேரரசுக்கு வேலை செய்வதில் தனக்கு வந்த சந்தேகத்தின் தொடக்கத்தையும் அந்த நாட்களோடு சேர்த்துப் பார்க்கிறார்.

எண்பது வயது மனிதரின் இந்த நேர்மை பெரிய விசயம்தான். ஆனால் 25 வயதில் எழுதிய கடிதம் பக்கத்தில் இல்லாட்டி, அதை மட்டும் வாசித்து ஒரு நல்ல வெள்ளைக்காரரின் கதையாக முடித்துவிடுவோம். ஆட்சி ஒவ்வொரு நாளும் எப்படி நடந்தது எண்டு அந்தக் கடிதம்தான் காட்டிக்கொடுக்குது.

இன்னொன்றும் இருக்கு. படித்த வழக்கறிஞர் அடித்ததாகச் சொன்ன சவுக்கு முறைப்பாடாகி, விளக்கம் கேட்கப்பட்டு, புத்தகத்தில் ஏறியது. சுழியோடியில் விழுந்த கைத்தடி, அடித்தவரின் கடிதத்தில் ஒரு பகிடியாக மட்டும் மிஞ்சியது. வாங்கிய அடியைச் சுழியோடி யாருக்கு எழுதுவார்? எழுதியிருந்தாலும் அதை யார் பெட்டியில் போட்டு வைத்திருப்பார்கள்?

வூல்ஃபின் தாள்கள் இண்டைக்கு சசெக்ஸ் பல்கலைக்கழகச் சேகரிப்பில் பத்திரமாக இருக்கு. 1989இல் அவரின் கடிதங்கள் தனி நூலாகவும் வந்தன. இங்கே 1981இல் யாழ் நூலகம் எரிந்தபோது புத்தகங்களோடு ஏடுகளும் கையெழுத்துப் பிரதிகளும் போயின. இடம்பெயர்வுகளில் வீட்டுப் பெட்டிகளும் போயின. ஆனபடியால் எங்கட ஊரின் அந்தக் காலத்தை அறிய, எங்களை ஆண்டவரின் கடிதத்தைத் தேடிப் போகவேண்டி இருக்கு. அதை வாசிக்கத்தான் வேணும், சந்தேகத்தோடு.

மிஞ்சியிருப்பதையாவது காப்பாற்றலாம். மலாயாவில் இருந்து பூட்டன் போட்ட கடிதம், காணிக்காக அம்மம்மா எழுதுவித்த மனு, அடைமானச் சீட்டு: கறையான் அரிச்சது எண்டு எறியமுதல் ஒருக்கா வாசித்துப் பாருங்கோ. யார், யாருக்கு, எந்த வருசம் எண்டு தெரிந்தவரிடம் கேட்டு எழுதி வையுங்கோ. அது தெரிந்த ஆக்கள் இன்னும் கொஞ்சப் பேர்தான் இருக்கினம்.