வெட்டினால் தெரிவதும் வெட்டினால் மறைவதும்



சென்ற வாரம் தரம் 9 பிள்ளைகள் செவ்வரத்தம் பூவைப் போனில் படமெடுத்து வந்து காட்டினார்கள். பூ ஒரு மூலையில் கிடந்தது. மதில், வாளி, யாரோ ஒருவரின் கால் எல்லாம் படத்தில் இருந்தன. ஒரு பிள்ளை அங்கேயே விரலால் இழுத்துச் சுற்றியிருந்ததை வெட்டிவிட்டாள். பூவின் நடுத்தண்டும் மகரந்தமும் திரை நிறைய நின்றன. வகுப்பே எட்டிப் பார்த்தது. அப்போது ஒரு மாணவன் கேட்டான்: "இப்படி வெட்டினா அது பொய்யில்லையா சேர்?"

இந்தக் கேள்வி 100 வருடங்களுக்கு முன்பே எழுந்த கேள்வி. 1865 இல் பிறந்த இரண்டு பேரின் கதையை அவனுக்குச் சொன்னோம். உங்களோடும் பகிர்கிறோம்.

முதலாமவர் ஜேர்மனியின் கார்ல் புளொஸ்பெல்ட். நம்மைப் போல ஓர் ஆசிரியர். இளமையில் இரும்பு வார்க்கும் பட்டறையில் தொழில் பழகியவர். பிறகு பெர்லினில் ஒரு கலைத்தொழில் பாடசாலையில் 1898 முதல் 1930 வரை, தாவரங்களைப் பார்த்து உருவம் செய்யும் பாடத்தைக் கற்பித்தார். பறித்த செடி வகுப்புக்கு வரும்போதே வாடிவிடும். சின்ன மொட்டு கடைசி வாங்கில் இருப்பவனுக்குத் தெரியாது. அதனால் தானே செய்த கமராவால் செடிகளைப் பல மடங்கு பெருப்பித்துப் படமெடுத்தார்.

அவருடைய முறை எளிமையானது. செடிக்குப் பின்னால் வெறும் மட்டை. நேர் பக்கத்திலிருந்து அல்லது நேர் மேலிருந்து பார்வை. கடும் நிழல் விழாத மென்மையான வெளிச்சம். தண்டின் வடிவத்தை மறைக்கும் இலைகளைக் கிள்ளி எடுத்துவிடுவார். அச்சிடும்போது வேண்டாத ஓரங்களையும் வெட்டுவார். அப்படி எடுத்தபோது பூசணிக் கொடியின் சுருள், கொல்லன் வளைத்த இரும்புக் கம்பிபோல இருந்தது. பன்னத்தின் சுருண்ட இளந்தளிர் கைத்தடியின் வளைந்த பிடிபோல நின்றது. 1928 இல் 120 படங்களோடு அவருடைய நூல் வெளிவந்து உலகப் புகழ் பெற்றபோது அவருக்கு வயது 63. அதுவரை அந்தப் படங்கள் பெரும்பாலும் வகுப்பறைச் சாதனங்களாகவே இருந்தன.

இரண்டாமவர் அமெரிக்காவின் வெர்மொன்ட் மாநிலத்து விவசாயி வில்சன் பென்ட்லி. சிறுவயதில் அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர் தாய்தான். அந்தத் தாய் முன்னர் ஓர் ஆசிரியை. 1885 ஜனவரி 15 அன்று, 19 வயதில், நுணுக்குக்காட்டியோடு கமராவைப் பொருத்தி ஒரு பனிப் பளிங்கைப் படமெடுத்தார். கறுப்புப் பலகையில் பனியை ஏந்தி, மூச்சுப் பட்டால் உருகிவிடும் என்று மூச்சடக்கி, குளிர்ந்த கொட்டிலில் நின்று வேலை செய்தார். வாழ்நாளில் 5,000 க்கும் மேற்பட்ட பளிங்குகளைப் படமாக்கினார்.

பனியும் வெள்ளை, பின்னணியும் வெளிச்சம். ஓரம் தெளிவாகத் தெரியவில்லை. எனவே நெகடிவின் பிரதியில் பளிங்கைச் சுற்றியிருந்த பூச்சைக் கத்தியால் சுரண்டினார். அச்சில் பின்னணி கறுத்தது, பளிங்கு பளிச்சிட்டது. இன்றைய க்ரொப் வேலையை அவர் கத்தி முனையில் செய்தார்.

பிரச்சினையும் அங்கேதான் வந்தது. 1893 இல் ஜேர்மனிய வானிலை அறிஞர் குஸ்டாவ் ஹெல்மன் பனிப் பளிங்குகள் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதற்குப் படமெடுத்தவர் ரிச்சர்ட் நொய்ஹவுஸ். அந்தப் படங்களில் பளிங்குகள் அத்தனை ஒழுங்காக இருக்கவில்லை. பென்ட்லி சுரண்டும்போது பளிங்கின் உருவத்தையே மாற்றிவிட்டார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது.

நாம் பார்க்கும்போது, கத்தியை விடப் பெரிய விடயம் தெரிவுதான். பென்ட்லி அழகாக, ஒழுங்காக இருந்தவற்றையே விரும்பிப் படமெடுத்தார். உண்மையில் விழும் பனியில் பெரும்பகுதி கோணலும் உடைசலும்தான். ஆனால் பனித்துளி என்றாலே குறையில்லாத ஆறுமூலை நட்சத்திரம் என்று உலகம் நம்பியதில் அவருடைய படங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த நட்சத்திரங்கள் பொய்யல்ல. அவை மட்டுமே பனி என்று நினைப்பதுதான் தவறு. அவருடைய உழைப்பை இது குறைக்காது. 1931 இல், இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், 2,400 க்கும் மேற்பட்ட படங்களோடு அவருடைய நூல் வெளிவந்தது.

ஆகவே அந்த மாணவனுக்கு நாம் சொன்ன பதில் இதுதான்: காட்டுவதற்காக வெட்டலாம், மறைப்பதற்காக வெட்டக் கூடாது. வெட்டியிருந்தால் வெட்டினேன் என்று சொல்ல வேண்டும். முழுப்படத்தை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். யாராவது கேட்டால் எடுத்துக் காட்ட முடிய வேண்டும்.

பூவுக்கு மட்டும் உரிய பாடமல்ல இது. ஓரம் வெட்டப்பட்ட ஒரு படம் கைக்குக் கை மாறி ஓர் ஊரை என்ன பாடுபடுத்தும் என்பது நம் சமூகத்துக்குத் தெரியாததல்ல. நாமும் சில வேளை பாதிப் படத்தைப் பார்த்துப் பகிர்ந்திருக்கிறோம். அடுத்த தடவை பகிரும் முன், ஓரத்துக்கு அப்பால் என்ன இருந்திருக்கும் என்று ஒரு நிமிடம் யோசிப்போம்.

இந்த விடுமுறையில் பிள்ளைகளின் கையில் போனைக் கொடுத்து முற்றத்துக்கு அனுப்புங்கள். பின்னால் ஒரு வெள்ளை மட்டை, காலை வெயிலில் ஒரு நிழலிடம், ஒரு முருங்கைப் பூ போதும். கிட்டப் போய்ப் பார்க்கட்டும். படைத்தவனின் கைவண்ணம் அங்கே தெரியும். யாவற்றையும் முழுமையாக அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே.