நாட் என்னும் முடிச்சு

ஓடும் படகிலிருந்து டிரோன் பறக்கவிடுவோரிடையே, வேகத்தை நாட் கணக்கில் சொல்வதா கிலோமீட்டரில் சொல்வதா என்னும் வழக்கு எழுவதுண்டு. இதன் வேர் பழமையானது.

அக்கால மாலுமிகள் முடிச்சிட்ட கயிற்றின் நுனியில் மரப்பலகையைக் கட்டிக் கடலில் விடுவர். முடிச்சுகளுக்கிடையே 47 அடி 3 அங்குலம். 28 விநாடி மணற்கடிகை வடிவதற்குள் எத்தனை முடிச்சுகள் கைநழுவினவோ அத்தனை நாட். அதாவது, மணிக்கு அத்தனை கடல் மைல். 'மணிக்குப் பத்து நாட்' என மாணவர் எழுதினால் திருத்துக. மணி அதனுள்ளேயே அடங்கியுள்ளது! கடல் மைல் 1,852 மீட்டர் என 1929-இல் மொனாக்கோ மாநாட்டில் வரையறுக்கப்பட்டது.

கடலில் பிறந்த இவ்வலகு வானூர்திக்கும் ஏறியது. 1917 ஆகஸ்டு 2 அன்று, ஸ்காட்லாந்தின் வடக்கேயுள்ள ஸ்காப்பா ஃப்ளோவில், பிரிட்டிஷ் போர்க்கப்பல் 'ஃபியூரியஸ்' 21 நாட் எதிர்காற்றில் 26 நாட் வேகத்தில் விரைந்தது. இரண்டும் ஒரே அலகு. கூட்டினால் தளத்தின்மேல் வீசும் காற்று 47 நாட். எட்வின் டன்னிங் தம் சோப்வித் பப் வானூர்தியை அதற்கொப்ப மெதுவாக்கினார். அது கப்பலோடு கப்பலாய் மிதக்க, தளத்தில் நின்றோர் கையாலேயே பற்றி இறக்கினர். ஓடும் கப்பலில் வானூர்தி இறங்கியது அதுவே முதன்முறை. ஐந்து நாள் கழித்து மீண்டும் இறங்குகையில் வானூர்தி கடலில் விழ, அவர் மூழ்கி மாண்டார். அகவை 25.

டிரோனுக்கும் இக்கணக்கே. படகோட்டி 10 நாட் என்பார். டிரோன் திரையோ விநாடிக்கு 5 மீட்டர் எனக் காட்டும். பத்து நிமிடத்தில் படகு மூன்று கிலோமீட்டர் கடந்திருக்கும். புறப்பட்ட இடத்திற்கே திரும்புமாறு அமைத்த டிரோன் அங்கே வெறுங்கடலைத்தான் காணும்.